முதல் சாட்சி சொன்னபடி

மச்சானுக்கு வந்த கடிதத்தில் இரண்டு வாக்கியங்கள்தாம் இருந்தன. அவருடைய தகப்பனார் இலங்கையில் பிறந்தவர் என்பதற்கு எழுத்து ஆதாரம் காட்ட வேண்டும். ஆறு வாரத்துக்குள் காட்டாவிட்டால் பிரஜாவுரிமை விண்ணப்பம் தள்ளப்படும். மச்சான் என் மனைவியின் அண்ணன். டிக்கோயாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மூன்று நாள் வேலைக்குப் போயிருக்கிறார். நாலாம் நாள் ஹட்டனில் என் அறைக்கு வந்து மேசைமேல் வைத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

பிரஜாவுரிமைச் சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மச்சான் இந்த மண்ணில் பிறந்தவர் என்பதை யாரும் மறுக்கவில்லை. சட்டம் கேட்டது அவருடைய பிறப்பை மட்டுமல்ல, அவருடைய தகப்பனின் பிறப்பையும். அவர் தகப்பன் பிறந்த காலத்தில், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாக அறை கட்டிக் கொடுத்த லயத்தில் பிறந்த பிள்ளைகளை ஒழுங்காகப் பதிந்தவர்கள் குறைவு. பதிவாளர் அலுவலகத்தில் ஏற்கெனவே தேடி, இல்லை என்ற பதிலை வாங்கியிருந்தார்.

நான் கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு ஹட்டனிலிருந்து செய்தி அனுப்பி வந்தேன். மரண விசாரணைகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே சாட்சியிடம் முதலில் கேட்பது இறந்தவரின் பெயர், வயது, பிறந்த இடம். மச்சானின் தகப்பனார் மழைத்தண்ணீர் வடியும் கான் வெட்டும்போது மேட்டு மண் சரிந்து இறந்தவர். அப்படியானால் விசாரணை நடந்திருக்கும், நடந்திருந்தால் அதன் தாள்களைக் கட்டிவைத்த கோவை இருக்கும் என்றேன். மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அன்றைக்கே போக வேண்டும் என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

மறுநாள் காலை ரயிலில் நானுஓயா வரை போய் அங்கிருந்து பஸ் பிடித்தோம். தலவாக்கலை, வட்டகொடை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மச்சான் இறங்கி நின்று, வண்டி நகரும்போது ஏறினார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. தேடிக் கிடைத்தால் அது அவருக்கு மட்டுமல்ல, என் மனைவிக்கும் அதே ஆதாரம். அதனால் எனக்கும் கையில் இருந்த பத்திரிகையில் மனம் செல்லவில்லை.

நுவரெலியாவில் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் பின்பக்கம் பழைய கோவைகளுக்கென்று ஒரு நீண்ட அறை இருந்தது. பொறுப்பாக இருந்தவர் நடுவயதுச் சிங்களவர். கடைவீதியில் வளர்ந்ததால் எங்கள் தமிழையே பேசினார். பார்வையிட விரும்பும் கோவை, காரணம், கையெழுத்து என்று ஒரு தாளை நிரப்பச் சொன்னார். காரணத்தின் இடத்தில் என்ன எழுதுவது என்று மச்சான் என்னைப் பார்த்தார். உள்ளதை எழுதச் சொன்னேன்.

மரண விசாரணைகள் வருடவாரியாக நாடாவால் கட்டப்பட்டிருந்தன. பட்டியலில் இறந்தவர்களின் பெயர் கிடையாது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் எண்ணும் மட்டும். தகப்பனார் எந்த வருடம் இறந்தார் என்பது மச்சானுக்குத் திட்டமாகத் தெரியாது. அவர் அம்மா, அதாவது என் மாமியார், தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போன வருடம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆகவே மூன்று வருடக் கட்டுகளை இறக்கினோம்.

கட்டை அவிழ்த்ததும் மச்சானுக்குத் தும்மல் வந்தது. பொறுப்பாளர் தலையை உயர்த்தாமலே சொன்னார்:

"மெதுவா தும்முங்க ஐயா. இந்தச் செத்த ஆளுங்களை ஒருக்காத் தூக்கிப் போட்டது போதும்."

மச்சான் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆற்றில் விழுந்தவர்கள், இடி விழுந்தவர்கள், தொழிற்சாலைப் பட்டியில் கை சிக்கியவர்கள், பிரசவத்தில் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று தாள். எல்லாம் ஆங்கிலம், ஆகவே நான்தான் படிக்க வேண்டியிருந்தது. மச்சான் என் தோளுக்குப் பின்னால் நின்று, தெரியாத எழுத்தை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கட்டின் நடுவில், பிற்பகல் இரண்டு மணிக்குமேல், அவருடைய தோட்டமும் தகப்பன் பெயரும் ஒரே தாளில் வந்தன.

முதல் சாட்சி பெரிய கங்காணி. இறந்தவர் தன் ஆள் என்றும், வயது நாற்பது இருக்கும் என்றும், திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் தன்னுடைய கிராமத்திலேயே பிறந்தவர் என்றும் சொல்லியிருந்தார். இரண்டாம் சாட்சி இறந்தவரின் மனைவி. அவர் வாக்குமூலம் ஒரு வரி. முதல் சாட்சி சொன்னபடியே சரி. கீழே பெருவிரல் அடையாளம்.

நான் தாளை முதலிலிருந்து மறுபடி படித்தேன். என் விரல் ஓரிடத்தில் நின்றதை மச்சான் கண்டுகொண்டார். "இருக்கா மாப்பிள? போட்டிருக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அது பொய் என்று மட்டும் சொன்னார். தகப்பனார் அதே தோட்டத்தில் பீலிக்கரை லயத்தில் பிறந்தவர், கடல் எப்படியிருக்கும் என்றே அறியாதவர். எனக்கும் தெரியும். கங்காணியின் பழக்கம் அது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் அவர் பிரட்டில் நிற்கிற அத்தனை பேரும், அவர்கள் இங்கே பிறந்த மூன்றாம் தலைமுறையானாலும், அவருடைய கிராமத்து ஆட்கள்தாம். எந்த அதிகாரி கேட்டாலும் எல்லாருக்கும் அவரே பதில் சொல்வார். அதில் அவருக்கு மரியாதை இருந்தது. ஆட்களுக்கும் ஒரு நிம்மதி இருந்தது, துரைக்குமுன் வாய் திறக்க வேண்டியதில்லை. நான் அனுப்பிய செய்திகளிலும் எத்தனையோ பேரைத் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவர் என்று எழுதியிருக்கிறேன். கங்காணி சொன்னார், எழுதினேன்.

பிரதி வேண்டுமா என்று பொறுப்பாளர் கேட்டார். மச்சான் வேண்டாம் என்றார். வெளியே வந்து குளிரில் நின்று யோசித்தோம். இந்தக் கோவை இருப்பது விண்ணப்பத்தை விசாரிக்கும் அதிகாரிக்குத் தெரியாது. தோட்டத்தில் தகப்பனாரை அறிந்த வயதான இரண்டு பேரும் மாமியாரும் சத்தியக் கடதாசி கொடுத்தால் போதுமாக இருக்கலாம். ஆனால் மாமியார் ஒருமுறை வேறு மாதிரி கைநாட்டு வைத்திருக்கிறார். அது வெளியே வந்தால் பொய்ச் சத்தியம் என்பார்கள். நாங்கள் நிரப்பிய தாளும் உள்ளே கிடக்கிறது. திரும்பி வரும்போது மச்சான் ரயிலில் இறங்கவே இல்லை. ஜன்னல் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, சத்தியக் கடதாசி எங்கே என்றார். கோவையைப் பற்றி யாரும் கேட்காதவரை பேச வேண்டாம் என்று மச்சான் மூன்று தரம் சொன்னார். சரி சரி என்றார்.

விசாரணை நாள் வரை மச்சான் வாரத்துக்கு இருமுறை என் அறைக்கு வந்தார். வந்தால் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. அதிகாரி கச்சேரிக்கு ஆள் அனுப்புவாரா என்று கேட்பார். அனுப்பமாட்டார் என்பேன். எனக்கு அது தெரியாது.

அதிகாரி இளைஞர், மரியாதையானவர். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். இரண்டு வயதானவர்களும் ஒழுங்காகச் சொன்னார்கள். மாமியார் முறை வந்தது. கணவர் எங்கே பிறந்தார் என்ற கேள்விக்குப் பீலிக்கரை லயத்தில் கடைசிக் காம்பரா என்றார். தன் தாய்தான் அந்தப் பிரசவத்துக்கு வெந்நீர் வைத்தவள் என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு, எல்லாச் சாட்சிகளிடமும் வழக்கமாகக் கேட்பதுபோல, இதற்கு மாறாக எங்காவது சொன்னதுண்டா என்று கேட்டார்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நான் சொல்லலீங்க," என்றார் மாமியார். "கங்காணி சொன்னாரு. எம்புருசனைப் பாயில சுத்தி வச்சிருந்தாங்க. வெரல நீட்டுன்னாங்க, நீட்டினேன். என்ன எழுதியிருக்குன்னு போன மாசம் எம்மகன் சொல்லித்தாங்க தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் சொன்னார். அதிகாரி பேனாவை வைத்தார். எந்தக் கோவை என்று மச்சானிடம் கேட்டார். மச்சானுக்கு எண் மனப்பாடமாக இருந்தது. சொன்னார். கோவையைத் தருவித்துப் பார்த்த பின்பே தீர்ப்பு என்று அதிகாரி விசாரணையை நிறுத்தினார்.

பஸ் நிற்குமிடத்துக்கு நடக்கும்போது மச்சான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஒன்னைய யாரும்மா அதைச் சொல்லச் சொன்னா?"

"அவரு கேட்டாருல்ல," என்றார் மாமியார். "அன்னைக்கி ஒருத்தன் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

பஸ்ஸில் மூவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தோம்.

பதினொரு வாரம் எதுவும் வரவில்லை. தபால்காரர் தோட்டத்து ஆபீசுக்கு வரும் நேரத்தில் மச்சான் லொறியை அந்தப் பக்கமாகவே ஓட்டினார். கணக்கப்பிள்ளை இரண்டு முறை எச்சரித்தார். கடைசியில் கடிதம் வந்தது. கோவை பார்க்கப்பட்டது என்றும், அதில் மனைவியிடம் தனியாகக் கேள்வி கேட்டதற்கு அடையாளம் இல்லை என்றும், அவருடைய இப்போதைய சாட்சியம் ஏற்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தது. மச்சானின் விண்ணப்பம் ஒப்புக்கொள்ளப்பட்டது. நான் தமிழில் இரண்டு தரம் படித்துக் காட்டினேன். என் மனைவி மூன்றாந்தரம் படிக்கச் சொன்னாள்.

மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எனக்கு?" என்றார்.

கடிதம் அவர் கணவரின் பிறப்பைத்தான் ஏற்றுக்கொண்டிருந்தது. மாமியாருக்கு அவருடைய தகப்பனின் பிறப்பு வேண்டும். அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய வயதில் தோட்டத்தில் எவரும் மிச்சமில்லை.

அடுத்த வாரமே நான் மறுபடி நுவரெலியாவுக்குப் புறப்பட இருந்தேன். எந்த வருடக் கட்டு என்று தெரிய வேண்டுமே. ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு, உங்கள் அப்பா எப்படி இறந்தார் அத்தை என்று கேட்டேன்.

"காச்சல்லதான்," என்றார். "பத்து நாள் காம்பராவுலயே கெடந்தாரு. டாக்டர் ஐயா வந்து பாத்துட்டுத்தான் போனாரு."

டாக்டர் வந்து பார்த்த காய்ச்சலுக்கு மரண விசாரணை வைப்பதில்லை. நான் தாளில் எதுவும் எழுதவில்லை.