இடது காலுக்கு வராத எடை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை ஆறு மணி. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய பொட்டலில் நான் குப்புறப் படுத்துக் கிடந்தேன். கையில் செல்போன். எதிரே இரண்டு கால்கள். அந்தக் கால்களைத்தான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

இறால் பிடிக்கப் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் ஏதோ கேட்க வந்து, வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, நடையைக் கட்டிவிட்டார். வாராவாரம் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுகிற ஆள் இப்படியா மானத்தை வாங்குவது? என்ன செய்ய... கால்களுக்குச் சொந்தக்காரன் என் பள்ளித் தோழன்.

பெயர் தேசிங்கு. வேலை, கேடி. உடனே போலீஸ் ஸ்டேஷன் போர்டில் இருக்கும் போட்டோக்களை நினைக்காதீர்கள் — கோல்ஃப் ஆடுகிறவர்களின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை. எண்ணூரில் முதல் ட்ரெயினைப் பிடித்து, பீச் ஸ்டேஷனில் மாறி, நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் புல்வெளிக்குப் போவான். இருபது வருடமாகப் போகிறான், திங்கட்கிழமை மட்டும் லீவு.

இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. இனிமேல் பை தூக்கினால் மாடிப்படி ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே வழி, அதே இடத்தில் உதவி கோச் ஆவது. நிழலில் நின்று சொல்லிக்கொடுக்கிற வேலை. அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. பத்துப் பந்து அடிக்க வேண்டும். ஏழு பந்தாவது நூற்றைம்பது கஜம் தள்ளி நட்டிருக்கும் கொடியைத் தாண்ட வேண்டும்.

போன வருடம் மூன்றுதான் தாண்டியது. நாற்பத்தைந்து வயதாகிவிட்டால் டெஸ்ட்டுக்கே கூப்பிட மாட்டார்கள். தை பிறந்தால் தேசிங்குக்கு நாற்பத்தைந்து. ஆக, இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான்.

நான் மளிகைக்கடைக்காரன் மகன். கோல்ஃப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தேசிங்கு சொன்னது. அடி கையில் இல்லையாம், காலில் இருக்கிறதாம். மட்டையைத் தூக்கும்போது உடம்பின் எடை வலது காலுக்குப் போக வேண்டும். இறக்கும்போது — கை இறங்குவதற்கும் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் — எடை இடது காலுக்குக் கிளம்பிவிட வேண்டும். அடித்து முடித்த பிறகு பார்த்தால் ஆள் மொத்தமும் இடது காலில் இருப்பான். வலது காலின் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

எவ்வளவு அழகாகச் சொல்கிறான்! முதலாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நீதிபதிகளுக்கும் இருபது வருடமாகச் சொல்கிறான். “சார், வெய்ட்டு லெஃப்ட்டுக்கு வர்ல சார்.” அவர்களும் கேட்டுத் திருந்தியிருக்கிறார்கள். அவனுக்குத்தான் வரவில்லை.

அன்று அவன் அடித்த அடியெல்லாம் பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே தரையில் விழுந்தது. அந்தப் பொட்டல் சாம்பல் படிந்து இறுகிய இடம். ஒவ்வொரு அடிக்கும் சாம்பல்தான் பறந்தது. பந்து ஏதோ கடமைக்கு நாலடி உருண்டு நின்றது.

“இன்னா மாமு, வீடியோல எதுனா தெர்தா?” என்றான்.

ஸ்லோமோஷனில் போட்டுப் பார்த்தோம். பனிமூட்டம். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பாதிவரைதான் தெரிந்தன. மட்டை மேலே போகிறது... போகிறது... ஒரு நாரை ஃபிரேமுக்குள் வந்து, அவசரமே இல்லாமல் கடந்து போகிறது. மட்டை இறங்குகிறது. சாம்பல் ஒவ்வொரு துகளாக எழுந்து நிற்கிறது. எனக்கு எதற்குப் படுத்தோம் என்பதே மறந்துவிட்டது. உலகமே இந்த வேகத்தில் நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேசிங்குதான் உலுக்கினான். “பேஜாரு பண்ணாத மாமு. கால பாரு.”

பார்த்தேன். கைகள் வீசுகின்றன, தோள் திரும்புகிறது. இடுப்புக்குக் கீழே மட்டும் யாரோ வேறொருவன் நிற்கிறான். இரண்டு காலிலும் சமமாக, முட்டியை லேசாக மடக்கி, அசையாமல். இடது காலுக்கு எடை வருவதே இல்லை. ஏன் வரவில்லை என்று எனக்கும் புரியவில்லை, அவனுக்கும் புரியவில்லை.

அப்போதுதான் மல்லிகா வந்தாள். தேசிங்கின் மனைவி, திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். படகுத்துறைக்குச் சரக்கெடுக்கப் போகிற வழியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, “இன்னாண்ணே, ரெண்டு பேரும் செல்லுக்குள்ள பூந்துகினு கீறீங்க?” என்றாள்.

வீடியோவைக் காட்டினேன். ஒருமுறை பார்த்தாள். இன்னொருமுறை போடச் சொன்னாள். பிறகு புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவுரு படவுல நிக்கிறாரு.”

எங்களுக்கு விளங்கவில்லை.

“எங்கப்பா, எங்கண்ணன் அல்லாரும் இப்டித்தான் நிப்பாங்கண்ணே. படவுல நின்னு வல வீசறவன் கைய மட்டுந்தான் வுடுவான். ஒடம்ப நடுவுலயே வெச்சுகினு இருப்பான். இவுரும் இருவத்திநாலு வயசு வரைக்கும் அதான செஞ்சாரு?”

தேசிங்கு குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். அப்பாவோடு இந்த ஆற்றில் வலை வீசியவன் அவன். மீன் குறைந்துபோன வருடம் படகை விற்றுவிட்டு அந்தப் புல்வெளிக்குப் போனான். அவன் போய்விட்டான், கால்கள் போகவில்லை. இருபது வருடம் உலகத்திலேயே மிக ஒழுங்காக வெட்டிய புல்லின்மேல் நடந்த பிறகும், மட்டையைக் கையில் எடுத்தவுடன் அவன் பாதத்துக்கடியில் தண்ணீர் ஆடியிருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. ஃப்ளாட்டுக்குக் குடிவந்து பத்து வருடமாகிறது. குழாயைத் திருகினால் தண்ணீர். ஆனாலும் தெருவில் தண்ணி லாரி ஹாரன் கேட்டால் கை தானாகக் குடத்தைத் தேடும். யோசித்துப் பாருங்கள் — நம்மில் எத்தனை பேர் இப்போது இருக்கிற இடத்தில் நிற்கிறோம்? என்றைக்கோ நின்ற இடத்தில்தானே இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்?

மல்லிகாவுக்கு இந்தத் தத்துவமெல்லாம் தேவைப்படவில்லை. மார்க்கெட்டுக்கு நேரமாகிறது.

“தரைய்யா இது! நல்லா ஏறி மிதி. எங்கியும் முயுகாது!”

“எனுக்குத் தெரியாதா?” என்று முறைத்தான் தேசிங்கு.

“ஒனுக்குத் தெரியும். ஒன் காலுக்குத் தெரியல. அடிச்சிட்டு அப்டியே என்னாண்ட நடந்து வா பாக்கலாம்.”

பத்தடி தள்ளிப் போய், பந்து பறக்கிற பாதையை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள். தேசிங்கு மூச்சை இழுத்துவிட்டான். மட்டையைத் தூக்கினான். இறக்கும்போது இடது காலை அழுத்தி ஊன்றி, அடித்த கையோடு மனைவியை நோக்கி இரண்டு எட்டு நடந்தே விட்டான்.

சாம்பல் எழவில்லை. ‘டக்’ என்று சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து பனிக்குள் போனது. அது எங்கே விழுந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பந்து இன்னும் விழவே இல்லை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் தினமும் அதே பயிற்சி. அடி, நட. அடி, நட. சாப்பிடும்போதும் ட்ரெயினுக்கு நிற்கும்போதும் இடது காலில் சாய்ந்தே நின்றான். ராயபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போனவன் ஒருக்களித்து ஊன்றி நிற்க, போட்டோகிராஃபர் நிமிர்ந்து நிற்கச் சொல்லிக் கெஞ்சினார்.

டெஸ்ட் அன்று என்னை உள்ளே விடவில்லை. வெளியே டீக்கடையில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தேன். மூன்றுமே ஆறிப்போனவை. இத்தனைக்கும் டெஸ்ட் எனக்கில்லை. பதினோரு மணிக்குக் கேட்டைத் தாண்டி வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“எட்டு,” என்றான்.

அடுத்த வாரமே ஆர்டர் வந்தது. அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஆனால் நம்ப மனசு வரவில்லை. “எதுனா தப்பா அனுப்ச்சிட்டு கீறாங்களா மாமு? ஒருவாட்டி ஒயுங்கா படி” என்று நாலுமுறை என்னைப் படிக்க வைத்தான்.

போன ஞாயிறு, அதைக் கொண்டாட மல்லிகாவின் அண்ணன் எங்களைத் தன் சின்னப் படகில் ஆற்றுக்குள் அழைத்துப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு மடவை மீன் பிடிப்பதாக ஏற்பாடு. தண்ணீர் அசையாமல் கிடந்தது. தூரத்தில் சரக்குக் கப்பல்கள் வானத்தில் நிற்கின்றனவா கடலில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை. ஆர்டரை என் கையில் கொடுத்துவிட்டு, “ரொம்ப நாளாச்சு, குடு மச்சான்” என்று தேசிங்கு வலையை வாங்கினான்.

எழுந்து நின்றான். வலையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டான். வலது பக்கம் திரும்பினான். பிறகு அப்படியே வீசினான் — இடுப்பு சுழன்று, வலது கால் நுனிக்கு எழும்பி, ஆள் மொத்தமும் இடது காலில்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலை ஒரு திசையிலும் தேசிங்கு இன்னொரு திசையிலும் தண்ணீரில் விழுந்தார்கள்.

இடுப்பளவு ஆழம்தான். சேற்றில் காலை ஊன்றி எழுந்து நின்றான். அவன் மச்சான் துடுப்பைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். தேசிங்கு மட்டும் சிரிக்கவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்காமல், படகையும் தண்ணீருக்கடியில் தன் கால் இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

பிறகு மெதுவாகச் சொன்னான்:

“மாமு... எனுக்கு நெஜமாவே வேல கெட்ச்சிட்ச்சுடா.”