குடிக்காதவரின் சாட்சி

“நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்ப்பா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாப் போதும்.”

மகள் இதைச் சொன்னபோது வானமாமலை இட்லித் தட்டுகளில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்தார். கொப்பரையை மூடிவிட்டு, தாடியை எடுக்கலாமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றாள் முத்துமாரி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு தாராவி சபையில் ஆராதனை. அதற்குச் செம்பூரிலிருந்து தங்கையா வருகிறார். உரத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நடத்தும் அறக்கட்டளைதான் முத்துமாரியின் இறையியல் படிப்புக்கு இரண்டு வருடமாக முழுக் கட்டணமும் கட்டிவருகிறது. கடைசி வருடத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் அவள் வீட்டாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் பின்வாங்கிவிட்டால் படிப்பு நின்றுவிடும்.

அவர் பார்க்க வருவது ஒரு குடிகாரனை.

வானமாமலை குடித்ததே இல்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. வாடை பிடிக்காது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் வயதில் தாராவிக்கு வந்தவர். முதலில் தோல் பட்டறை. கோமதியம்மாளைக் கட்டிய பிறகு இட்லி. விடியுமுன் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போவார். பட்டறையில் இருந்த காலத்தில், சம்பள நாளன்று சந்துப் பெண்கள் தங்கள் புருஷன்மாரை அவரோடு சேர்ந்து வீட்டுக்கு வரச் சொல்வார்கள். அவருக்கு இருந்த பெயர் அது ஒன்றுதான்.

முத்துமாரியை நர்ஸ் ஆக்க நினைத்தார். அவள் சிநேகிதியோடு சபைக்குப் போகத் தொடங்கினாள். பிறகு ஞானஸ்நானம் எடுத்தாள். பிறகு, லோனாவ்ளா தாண்டி ஒரு கல்லூரியில் இறையியல் படிக்கப்போவதாகச் சொன்னாள். அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. உன் சாமி படிப்புக்கு என் கையிலிருந்து ஒரு ரூபாய் வராது என்றார். வரவும் இல்லை.

உதவி கேட்டு விண்ணப்பித்தபோது, வீட்டில் ஏன் பணம் தர முடியாது என்று அறக்கட்டளை கேட்டது. தகப்பனுக்கு இஷ்டமில்லை என்று எழுத பாஸ்டர் பயந்தார். காலம் சரியில்லை, யாராவது அதைத் தூக்கிக்கொண்டு, கட்டாய மதமாற்றம் என்று போலீசுக்குப் போவான் என்றார். குடி என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். அப்பா குடிகாரர் என்று அவள் எழுதினாள். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான முழு உதவி கிடைத்தது.

போன வாரம்தான் இதை வீட்டில் சொன்னாள். வாசலில் நின்றுகொண்டே சொன்னாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கோமதியம்மாள் முதலில் சிரித்தாள்.

“இத்தனை வருஷத்துல இவரு ஒரு நாளு குடிச்சிருந்தா, நானும் நாலு பேருகிட்ட அழுது ஆறுதல் தேடியிருப்பேன். அதுக்கும் வழியில்லாம, இப்ப குடிகாரன் பொண்டாட்டிங்கிற பேரு மட்டும்.”

சபைக்கு வந்து குடிகாரனாக உட்கார வானமாமலை ஒப்புக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. லீவுக்கு வந்த மகள், மூலையில் உட்கார்ந்து கிரேக்க எழுத்துகளை உதடு அசைத்துப் படிக்கும்போது டிவியின் சத்தத்தைக் குறைக்கும் அளவுக்கு அவர் வந்திருந்தார். அதற்கு மேல் வரவில்லை.

சபை ஒரு பிளாஸ்டிக் கிடங்கின் மாடியில் இருந்தது. கோமதியம்மாள் வரவில்லை. வானமாமலை ஓரத்து நாற்காலியில், சொன்னபடி தலையைக் குனிந்து உட்கார்ந்தார். சந்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மனைவியின் தொல்லைக்காக மாதம் ஒருமுறை வரும் செல்வமும் பின்வரிசையில் இருந்தான். அவன் உண்மையிலேயே குடிக்கிறவன்.

பாஸ்டர் ஜெபத்தில், முத்துமாரியின் தகப்பனாரை அந்த அடிமைத்தனத்திலிருந்து விடுவியும் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பி அவரைப் பார்த்தாள். மடியில் இருந்த குழந்தையை அவர் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றதும் இரண்டு பேர் எழுந்து, தங்களுக்கு நடந்த நன்மைகளைச் சொன்னார்கள். மூன்றாவதாக வானமாமலை எழுந்தார். அவருக்குப் பேசிப் பழக்கமில்லை என்று பாஸ்டர் அவசரமாகச் சொன்னார். பேசட்டும் என்றார் தங்கையா.

“குடிச்சது உண்மைதான்” என்றார் வானமாமலை. “இப்ப இல்ல. விட்டு ஒரு வருஷமாச்சு. எம்மவ எனக்காக ஜெபம் பண்ணுனா. விட்டுட்டேன்.”

உட்கார்ந்துவிட்டார். கை தட்டினார்கள், ஸ்தோத்திரம் சொன்னார்கள். முன்வரிசைப் பெண் மறுபடி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தங்கையா எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. முத்துமாரி நிமிரவில்லை.

ஆராதனை முடிந்து பாஸ்டர் அறையில் டீயும் சமோசாவும் வந்தன. இரண்டு வருடமாக வானமாமலையின் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபித்ததாகத் தங்கையா சொன்னார். அது பொய்யாக இருக்காது. பிறகு பேனாவை எடுத்தார். அறக்கட்டளையில் முழு உதவி, பாதி உதவி என்று இரண்டு உண்டு என்றும், முழு உதவி யாருமில்லாத பிள்ளைகளுக்கு என்றும் நிதானமாக விளக்கினார். சீத்தா கேம்ப்பில் தாயும் தகப்பனும் இறந்துபோன ஒரு பெண் அதற்காகக் காத்திருக்கிறாள் என்றார்.

“உனக்கு இப்ப தகப்பன் கிடைச்சுட்டாரேம்மா” என்றார் முத்துமாரியிடம். “குடிக்குப் போன பணம் இனிமே மகளுக்குப் போகட்டும். அந்தக் கௌரவத்தை நாங்க அவர்கிட்டேயிருந்து பறிக்கக் கூடாது.”

பாஸ்டர் டீயை எடுத்துக் குடித்தார். உண்மையைச் சொன்னால் மீதிப் பாதியும் போகும்; அவருடைய சபையின் பெயரும் போகும். பாதி உதவி என்று எழுதித் தங்கையா கையெழுத்துப் போட்டார்.

வானமாமலை டீயைக் கீழே வைத்தார்.

“நான் மறுபடி குடிச்சிட்டேன்னா?”

தங்கையா அவர் தோளில் கை வைத்தார். “பயப்படாதீங்க ஐயா. உங்களை விடுவிச்சவர் கைவிட மாட்டார்.”

படியில் இறங்கும்போது செல்வம் காத்திருந்தான்.

“எந்தக் கடைவே? இத்தனை வருஷத்துல நாங்க ஒருத்தனும் உம்மைப் பாக்கலியே. தனியாவா குடிச்சீரு? ஒரு வாய் தரணும்னு தோணலியே உமக்கு.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வானமாமலை நிற்காமல் நடந்தார்.

வீட்டில் முத்துமாரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாதிக் கட்டணத்துக்கு அந்த வீட்டில் வழி இல்லை. கோமதியம்மாளின் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். வட்டிக்கு வாங்கலாம் என்றார் வானமாமலை.

“நான் என்ன சொன்னேன்? தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கச் சொன்னேன். அது முடியல உங்களால. எல்லாம் கதம், முடிஞ்சுபோச்சு.”

“எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாகட்டி.”

“ரெண்டு வருஷமா காலேஜ்ல நான் எல்லார் முன்னாடியும் குடிகாரன் மகளாத்தான் உக்காந்திருந்தேன். நீங்க ஒரு மணி நேரம் இருக்கக் கூடாதா?”

 வட்டிக்குத் தரும் ஆளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் சட்டையை எடுத்தார்.

“வேண்டாம்” என்றாள். “ஒரு ரூபா வராதுன்னு சொன்னீங்க. அதுல நான் உங்களைக் குத்தமே சொன்னதில்ல. இப்ப உங்க மானத்துக்காகக் கொண்டுவந்து தராதீங்க.”

கோமதியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “இன்னைக்கே போய்க் குடிச்சிட்டு அந்தச் செம்பூர்க்காரர் வாசல்ல விழுந்து கெடங்க. முழுசாத் தந்துருவாரு” என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. வானமாமலை வழக்கமான நேரத்துக்கு மாட்டுங்கா போனார். இட்லி தீர்ந்தது, வடை கொஞ்சம் மிஞ்சியது. முத்துமாரி காலை ரயிலில் கல்லூரிக்குப் போய், ஒரு வருடம் படிப்பை நிறுத்திக்கொள்வதாக எழுதிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலம் பெட்டியோடு திரும்பி வந்தாள். ரயிலில் சாப்பிட்டாயிற்று என்றாள். கோபர்கைரனேயில் ஒரு மழலையர் பள்ளிக்கு ஆள் தேவைப்படுவதாக பாஸ்டர் போன் செய்தார். புதன்கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள். வானமாமலைக்கென்று தங்கையா ஒரு வேதாகமம் கொடுத்து அனுப்பியிருப்பதாகவும், சபையில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் பாஸ்டர் சொன்னார். முத்துமாரி அதைத் தகப்பனிடம் சொன்னாள். சரி என்றார். பெட்டியைப் பரணில் ஏற்ற இடமில்லை. கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.