மஞ்சள் தொப்பியிடம் பேசக் கூடாது

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும் அண்ணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரின் தங்கை மருந்தியல் படித்தவள். மருந்து கம்பெனியில் பொடிகளை எடைபோட்டுக் கலப்பது அவள் வேலை. எங்களோடுதான் இருக்கிறாள். குளிக்கப் போனால் லேசில் வெளியே வரமாட்டாள், சாப்பாட்டில் உப்பு குறைந்தால் முகத்துக்கு நேரே சொல்லுவாள். மற்றபடி தங்கமானவள்.

பழைய கம்பெனியில் மேலாளர் கூப்பிட்டால் போட்டது போட்டபடி எழுந்து ஓட வேண்டும். ஒரு தடவை அப்படி ஓடித் திரும்பியவள், ஏற்கெனவே போட்ட பொடியை மறுபடியும் போட்டுவிட்டாள். பரிசோதனையில் பிடிபட்டதால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் கூப்பிட்ட மனுஷன் ஒன்றும் தெரியாதவன் போல நின்றான், பழி முழுக்க இவள் தலையில் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது. வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். பிறகு வேறொரு மருந்து கம்பெனியில் வேலை கிடைத்தது. "அண்ணி, இதுவும் சரிப்படலைன்னா இந்தப் படிப்பையே தலைமுழுகிடுறேன்" என்றாள். சொன்னால் செய்கிற ஜாதி அவள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

முதல் நாளே முகம் சிவந்து வீடு திரும்பினாள்.

"மஞ்சள் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருந்தா. வணக்கம் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பாக்கல அண்ணி! என்ன திமிரு!"

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அந்தத் திமிர்க்காரியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, நேத்து தொப்பியோட இருந்தேன்ல" என்றாளாம். விஷயம் இதுதான். அங்கே எடைபோடுகிறவர் மஞ்சள் தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும். தொப்பி தலையில் இருக்கும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது. மீறிப் பேசி வேலையைக் கெடுத்தால், கெடுத்தவரே அந்தக் கலவைப் பாத்திரங்களைத் தன் கையால் கழுவ வேண்டும்.

"முதலாளி பேசினா?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"அவரும்தான்க்கா."

இவள் நம்பவில்லை. நான் மட்டும் நம்பினேனா? "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடி. பெரிய மனுஷங்களை எந்தத் தொப்பி தடுக்கும்? ஜாக்கிரதையா இரு" என்றேன். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால்தான் எனக்கு மூச்சே வரும்.

ஒரு நாள் ஆகிவிட்டது. இவள் மஞ்சள் தொப்பியோடு எடைபோட்டுக்கொண்டிருக்கிறாள். முதலாளி வெளியூர் விருந்தினர் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். பெருமை பேசிக்கொண்டே வந்தவர், பேச்சு வேகத்தில் இவள் பக்கம் திரும்பி, "இது எந்த மருந்துக்கும்மா?" என்று கேட்டுவிட்டார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவள் விருட்டென்று எழுந்து, "சொல்றேன் சார்" என்று மருந்தின் பெயரையும் சொல்லிவிட்டாள். உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்த்தால், வெள்ளைப் பொடியைப் போட்டாளா, போடவில்லையா? ஞாபகமே இல்லை. ஆனாலும் மழுப்பவில்லை, என் ராசாத்தி! தொப்பியைக் கழற்றினாள். "சார், கணக்கு தப்பிடுச்சு. இதைக் கொட்டணும்" என்றாள்.

அறையில் எல்லா வேலையும் நின்றது. முதலாளி அவள் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "அடடா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "தப்பு என்மேலதாம்மா. நான்தான் தொப்பியைப் பாக்கல." விருந்தினர்களைப் பார்த்து, "கொஞ்சம் உக்காருங்க, எனக்கு ஒரு வேலை வந்துடுச்சு" என்றார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் போனார்.

இவள் "குடுங்க சார், நான் கழுவுறேன்" என்று ஓடியிருக்கிறாள். அந்தத் திமிர்க்காரி கையைப் பிடித்து இழுத்து, "விடுங்கக்கா, அது அவர் வேலை" என்றாளாம்.

இதையெல்லாம் அவள் அன்று சாயங்காலம் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள். பாதிக் கதையில் அழுதாள், அடுத்த நிமிஷமே சிரித்தாள். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அவர் கழுவுறதைப் பாத்துக்கிட்டு சும்மாவா நின்னே?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணி சும்மா நின்னேன்? கழுவின பாத்திரத்தை எடைபோடுற நான்தானே பாத்து வாங்கணும். ஒண்ணுல அடியில பொடி ஒட்டியிருந்துச்சு. திருப்பிக் குடுத்துட்டேன்."

"அடிப் பாவி! முதலாளிகிட்டயா?"

"ஆமா."

"அவர் என்ன சொன்னாரு?"

"திரும்பக் கழுவினாரு."