பன்னிரண்டாவது பாட்டுக்கு இடம்

கே சிங்ஹுய் தைவானின் பிங்துங் நகரில், எங்கள் அடுக்ககத்தின் ஐந்தாம் தளத்தில் குடியிருந்தார்; வயது நாற்பத்திரண்டு; காப்பீட்டு முகவர். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் அவர் நாள்தோறும் காலை இரயிலில் கவோசியுங் சென்று மாலையில் திரும்பினார். இரண்டு நிமிடம் சும்மா இருக்க அவரால் இயலாது. இருக்கை கிடைத்தாலும் கதவருகே நின்று, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டேயிருப்பார். சட்டைப்பையில் கையடக்கக் கணினி. அதிலிருந்து புறப்பட்ட வயர் இரு காதுகளிலும் முடியும். பாதிப் பாட்டில் அடுத்த பாட்டுக்குத் தாவுவார்.

அக்கணினியை அவர் தொழிலுக்காகவே வாங்கினார். காப்பீடு எடுத்தவர்களின் விவரங்கள் நிறுவனத்திடம் உண்டு. இன்னும் எடுக்காதவர்கள், அதாவது வசந்தத்தில் வரச் சொன்னவர்கள், மகள் திருமணம் முடியட்டும் என்றவர்கள், ஏறத்தாழ நூற்று நாற்பது பேர், அக்கணினியில் மட்டுமே இருந்தனர். அடுத்த ஆண்டு அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த நூற்று நாற்பது பேரால்தான்.

கணினியில் செருகியிருந்த நகத்தளவு நினைவு அட்டையில் பதினொரு பாட்டுகள் அடங்கின. ஆண்டிறுதி விருந்தில் அவர் மேடையேறிப் பாட வேண்டும் என்று கிளை மேலாளர் கட்டளையிட்டதால், பழகுவதற்குப் பன்னிரண்டாவது பாட்டு தேவைப்பட்டது. இடமில்லை. கணினியில் உள்ள அனைத்துக்கும் ஒரு நகல் அந்த அட்டையில் இருந்தது. மூலந்தான் இருக்கிறதே என்று எண்ணி, நகலை அழித்துவிட்டுப் பாட்டை ஏற்றினார். அந்நாளைய கணினியின் மின்கலத்தில் உயிர் உள்ளவரைதான் அதிலுள்ள மூலமும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததன்று. அவ்வேளையில் அவர் அதை நினைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மனைவி யூலிங்குடன் தைதுங்கிலுள்ள மாமனார் வீட்டுக்குச் சென்றார். மின்னூட்டியை எடுத்துச் செல்ல மறந்தார். மலையோர இரயிலில், மின்கலம் தீர்கிறது என்ற எச்சரிக்கை மூன்று முறை தோன்றியது. மூன்று முறையும் அதைத் தட்டி மறைத்தார். பிறகு கணினி தானாக அணைந்தது. பொத்தானை அழுத்தினால் அரை நிமிடம் பாடி மீண்டும் அணைந்தது. மாமனார் வீட்டுக் கூடத்திலும் அவர் அழுத்திக்கொண்டேயிருந்தார்.

"என்னங்க, அந்தப் பெட்டிய கொஞ்சம் கீழ வையுங்க. அப்பா ரெண்டு தடவ டீய ஊத்திட்டு உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருக்காரு," என்றார் யூலிங்.

"இரு, இந்தச் சரணம் மட்டும்."

"சரணம் அரை நிமிஷத்துல முடியாது. அடுத்த அரை நிமிஷத்துக்கு மறுபடியும் அமுக்குவீங்க. எனக்குத் தெரியாதா?"

ஞாயிறு மதியத்துக்குமேல் எவ்வளவு அழுத்தியும் திரை விழிக்கவில்லை.

அன்று நள்ளிரவில் வீடு திரும்பி அப்படியே உறங்கிப்போனவர், திங்கள் காலை, கவோசியுங்கில் துங் என்னும் பெண்மணி நடத்தும் சோயாப்பால் கடையில் மின்னூட்டியைச் செருகினார். திரை ஒளிர்ந்து, என்ன மொழி, இன்று என்ன தேதி என்று கேட்டது. அட்டையிலிருந்த பாட்டுகள் பன்னிரண்டும் இருந்தன. அந்த நூற்று நாற்பது பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை.

"என்ன சிங்ஹுய், மூஞ்சி வெந்த முட்டைக்கோசு மாதிரி ஆயிருச்சு?" என்றார் துங்.

"எல்லாம் போச்சு அக்கா. இனிமே யாரைப் போய்ப் பாக்குறதுன்னே தெரியல."

"நாந்தானே ஏழெட்டுப் பேரைக் காட்டிவிட்டேன்? அவங்க அவங்களுக்குத் தெரிஞ்சவங்களக் காட்டியிருப்பாங்க. ஒவ்வொருத்தரா கேட்டுட்டே போ. எழுது."

சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். சிங்ஹுய் நின்றுகொண்டே எழுதினார். ஆறாவது பெயரில் துங் தயங்கினார்.

"ஸ்கூட்டர் ரிப்பேர் ஷாவ் இருக்காரே, அவர எழுதாத. போன மாசம் வேற ஆளுகிட்ட கையெழுத்துப் போட்டுட்டாரு."

"வசந்தத்துல வரச் சொன்னாரே அக்கா."

"சொன்னாரு. நடுவுல ஒரு நாள் நீ கடை வழியாப் போகையில மூணு தடவ கூப்பிட்டிருக்காரு. நீ காதுல வயரோட தலையாட்டிக்கிட்டே போயிட்டியாம்."

சிங்ஹுய் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கணினி அழித்தவற்றைக் கேட்டுக் கேட்டு மீட்கலாம். காதில் வயரோடு தாம் தவறவிட்டவர்கள் எத்தனை பேரோ, அதை எங்கே கேட்பது? ஊற்றி வைத்த சோயாப்பாலைக் குடிக்காமல் புறப்பட்டார். பட்டியலில் முதல் பெயர் பக்கத்துத் தெருவில் இருந்தது. அவர் சென்றதோ நான்கு தெரு தள்ளியிருந்த ஷாவின் பட்டறைக்கு.

ஷாவ் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"கையெழுத்துப் போட்டாச்சு. லேட்டு."

"தெரியும் அண்ணே. அதுக்கு வரல. அன்னிக்கு எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு கேக்க வந்தேன்."

ஷாவ் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"மச்சான் ஒருத்தன் லாரி ஓட்டுறான். அவனுக்கும் சேத்து எடுக்கலாம்னுதான். அவன் இன்னும் போடல."

"அவர் நம்பர்..."

"இப்ப குடுக்க மாட்டேன். நாளைக்கு இந்தப் பக்கமா நடந்து போங்க. ஒரே தடவைதான் கூப்பிடுவேன்."

"எத்தனை மணிக்கு?" என்றார் சிங்ஹுய்.

"அதையும் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, ஷாவ் சக்கரத்தின் பக்கம் திரும்பினார்.