தண்டனை இல்லாத சட்டம்

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, சொல்வதெழுதலில் பிழை கூடினால் வீட்டில் அகப்பைக்காம்பால் அடி விழும். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வரும் அப்பாவுக்கு என்னை டொக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இனி அடி வாங்குவதில்லை என்று எனக்கும் பிடிவாதம்.

ஒருநாள் வகுப்பாசிரியை, நாட்டுச் சட்டத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருப்பதாகச் சொன்னார். பிள்ளைகளை அடித்துக் கொடுமைப்படுத்தி வளர்ப்பது தகாதாம். ஓட்டமாக ஓடிவந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் சொன்னேன்.

"பிடிபட்டா என்ன செய்வினமாம்? மறியலுக்கை போட்டுப் பூட்டுவினமோ?"

இலங்கையில் சட்டத்தைத் துவக்கு ஏந்திய சிப்பாய்களின் கையில் மட்டுமே பார்த்தவர், வேறெப்படிக் கேட்பார்? மறுநாள் ஆசிரியையிடம் விசாரித்தேன். அந்த வரியில் தண்டனை ஒன்றும் இல்லை, எது சரியில்லை என்று பெற்றோருக்குச் சொல்வதற்குத்தான் அது என்றார். எனக்கு அழுகை வந்தது. இப்படி ஒரு சட்டம் வராமலே இருந்திருக்கலாம்.

அதையும் வந்து சொன்னபோது அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு காண்கிறவர்களிடமெல்லாம் இதே கதைதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகள் படித்து முடியும்வரை தகப்பன்மார் வெளியே தேநீரோடு நின்று ஊர்க்கதை பேசுவார்கள். அங்கேயும் எடுத்துவிட்டார்.

"பிள்ளையளுக்கு அடிக்கக்கூடாதாம். அடிச்சாலும் ஒண்டும் செய்யமாட்டினமாம். இதுவும் ஒரு சட்டமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். என் தோழியின் தகப்பன் மட்டும், "அப்ப நீங்கள் இன்னும் அடிக்கிறனீங்களோ, அண்ணை?" என்று கேட்டார்.

சிரிப்பு நின்றுபோனது. வகுப்பு முடிந்து வெளியே வந்த நான் எல்லாவற்றையும் கேட்டபடி வாசலில் நின்றிருந்தேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

"சீச்சீ! நான் எங்கை அடிக்கிறன்!"

பச்சைப் பொய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த சொல்வதெழுதல் வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. தாள் முழுக்கச் சிவப்பு மை. ஒளிக்காமல் அப்பாவிடம் நீட்டினேன்.

"அடிக்கிறேல்லை எண்டு எல்லாருக்கும் சொன்னனீங்கள்," என்றேன். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

எழுந்து அடுக்களை வாசல்வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"போய்ப் பிழையளைத் திருப்பி எழுது, பிள்ளை."

அதன் பிறகு அவர் என்மேல் கை வைக்கவே இல்லை. அப்பா பொலிசுக்குப் பயந்துவிட்டார் என்று தோழிகளிடம் பெருமையடித்துத் திரிந்தேன். எவருக்கும் பயப்படத் தேவையில்லாத ஒரு சட்டத்துக்கு, அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கட்டுப்பட்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.