அம்புக்குறி அக்காவும் கசங்கிய பூனையும்

அம்புக்குறி அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனால், "அப்படி யாரும் இங்க இல்லைங்களே" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார்.

அலமாரி, முக்காலி, செருப்பு ஸ்டாண்டு எல்லாவற்றையும் பலகை பலகையாகப் பெட்டியில் அடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள் என்று விற்கிற கம்பெனி அது. பெட்டிக்குள் விசிறி மடிப்பில் ஒரு நீளத் தாள் கிடக்கும். எந்தப் பலகையை எதில் சொருகுவது, எந்த ஸ்க்ரூவை எங்கே முடுக்குவது என்று ஒரே வரிசையில் படம் படமாக ஓடும். பல மொழிக்காரர்களுக்கும் போகிற தாள் என்பதால் எழுத்தே கிடையாது. படமும் எண்ணும் அம்புக்குறியும்தான். அவற்றை வரைகிறவள் அக்கா. வாழ்க்கையில் அவள் போட்ட அம்புக்குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக நட்டால் நிலாவுக்கு வழி கேட்காமல் போய்வரலாம்.

ஆனால் மனிதர்கள் அம்பு காட்டிய பக்கம் போனதே இல்லை.

"மேசைக்கு அஞ்சு கால் வந்திருக்குங்க. ஒண்ணைத் திருப்பி அனுப்பட்டுமா?" என்று ஒருவர் போன் செய்வார். இன்னொருவர், "அலமாரியை மாட்டி முடிச்சிட்டேன். இப்ப நான் அதுக்குள்ள இருக்கேன். வெளியில வர்றதுக்குப் படம் இருக்கா?" என்பார்.

இந்தத் தொல்லைக்காகவே முதலாளி ஒரு பரீட்சை வைத்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் எந்தத் தாளும் அவருடைய மனைவியின் தம்பியைத் தாண்டியாக வேண்டும். முதலாளி அவரை "மச்சான்" என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டு லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் மச்சானாகிவிட்டார். அக்காவும் அப்படித்தான் கூப்பிட்டாள். "வீட்டுல என்னை ஏங்கங்கறே, ஆபீஸ்ல எவனையோ மச்சான்கறே" என்று கணவர் ஒருநாள் முகம் தூக்கியபிறகு, பின்னால் ஒரு "சார்" சேர்த்துக்கொண்டாள்.

மச்சான் சார் நல்லவர். வரவு செலவு பார்ப்பதில் புலி. ஆனால் ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் மட்டும் அவருக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்தது. செருப்பு ஸ்டாண்டைக் கொடுத்தால் தொட்டிலாக்கினார். முக்காலியைத் தரைவிரிப்போடு சேர்த்து முடுக்கினார். அதைத் தூக்கினால் அறையே எழுந்து நின்றது. எதைச் செய்தாலும் கடைசியில் கை நிறைய ஸ்க்ரூ மிஞ்சும். "எதுக்கும் இருக்கட்டும்னு கூடுதலா வெச்சிருக்காங்க போல" என்பார் பெருந்தன்மையோடு.

முக்காலி முடிந்த அன்று முதலாளி அக்காவைக் கூப்பிட்டார்.

"மச்சான் சாருக்குப் புரியலைன்னா அது என் படத்தோட தப்பா சார்?" என்றாள் அக்கா.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க பாருங்கம்மா, புது அலமாரி வருது. அதையும் மச்சான் மாட்ட முடியலைன்னா, படம் போடறதை வெளியில கம்ப்யூட்டர்காரங்க கிட்ட குடுத்திடுவேன். நீங்க பேக்கிங்ல போய் டேப் ஒட்டுங்க."

ஜன்னலோரம் இருக்கும் அந்தச் சாய்வு மேசையில் உட்கார்ந்து வரைவதைத் தவிர அக்காவுக்கு வேறெதுவும் வராது. டேப் ஒட்டினாலும் அதன்மேல் ஓர் அம்புக்குறி போட்டுவிடுவாள்.

இந்தக் கவலையோடுதான் அவள் கீல் வாங்க ஸ்டோருக்குப் போனாள். வரைவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் கையில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். புது அலமாரிக்கான கீல்கள் கிழக்கே கடல்தாண்டி எங்கிருந்தோ வந்திருந்தன. ஸ்டோர் கீப்பர் பெட்டியைப் பிரித்து, கீல்கள் உரசாமலிருக்க இடையில் திணித்திருந்த காகிதத்தை உருட்டி வீசினார். அது அக்காவின் காலடியில் வந்து விழுந்து மெதுவாக விரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது.

எவ்வளவு பெரிய கண்! அதற்குள் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு மழை. அந்த நாட்டுப் படக்கதைப் புத்தகங்களின் பழைய பக்கங்களைக் கசக்கித் திணித்திருந்தார்கள்.

"அண்ணே, இந்தக் குப்பையை நான் எடுத்துக்கவா?"

"குப்பைக்கு யாராவது அனுமதி கேப்பாங்களாக்கா? மொத்தத்தையும் அள்ளிட்டுப் போங்க."

அள்ளிக்கொண்டு போனாள். வீட்டில் ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டாள். எழுத்து ஒன்றுகூடப் புரியவில்லை. வரைந்தவர்களின் பெயர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியவில்லை. ஆனால் கைகள் வேறுவேறு என்பது தெரிந்தது. ஒருவர் மழையை ஊசி ஊசியாக, ஒரு கோடுகூட இன்னொன்றைத் தொடாமல் வரைந்திருந்தார். அவருக்கு மழைக்காரர் என்று பெயர் வைத்தாள். கோபமோ வெட்கமோ எது வந்தாலும் நெற்றியோரம் ஒரே ஒரு சொட்டைத் தொங்கவிட்டவர் வியர்வைக்காரர். மூன்றாமவர்தான் அவளை ஆட்டிப்படைத்தார். ஒரு முழுப் பக்கத்தை வெறுமனே விட்டு, ஓரத்தில் ஒரு செருப்பை மட்டும் போட்டிருந்தார். அந்த வெள்ளையைப் பார்த்தாலே யாரோ வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. அவர் ஒன்றுமில்லாதவர். "ஒண்ணுமே போடாம ஒரு மனுஷன் இவ்வளவு போட்டிருக்காருங்க" என்று கணவரிடம் அரற்றினாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். அவருக்கு வேறு கவலை இருந்தது. "ஏம்மா, என் சட்டையை எதுமேல வெச்சுத் தேச்ச? முதுகுல ஒரு கண்ணு அழுதுட்டு இருக்கு."

படக்கதையின் மை சட்டையில் இறங்கியிருந்தது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ! கடையில திட்டினாங்களா?"

"திட்டலை. விளம்பரம்னு நெனச்சுட்டாங்க. ஓனர் இன்னொரு கண்ணையும் போட்டுட்டு வரச் சொல்றார்."

அவளுக்கு உயிராகிப்போன பக்கம் ஒன்று இருந்தது. முதல் கட்டத்தில் பனியில் ஒரு பூனை செத்துக் கிடக்கிறது. அடுத்ததில் அந்தரத்தில் இருக்கிறது. அதற்கடுத்து கூரை விளிம்பில் நிற்கிறது. கடைசியில் ஒரு கிழவரின் மடியில் சுருண்டு தூங்குகிறது. செத்த பூனை எழுந்து, பறந்து, மடி ஏறிவிட்டது! மற்ற பக்கங்களிலும் இப்படித்தான். ஒருவன் மூக்கில் ரத்தத்தோடு கிடப்பான், பிறகு குத்து வாங்குவான், கடைசியில் குத்தியவனோடு தோளில் கைபோட்டு நடப்பான். "அந்த ஊர்லயெல்லாம் அடிச்சுட்டுதாங்க பழகவே ஆரம்பிக்கறாங்க" என்று கணவருக்கு விளக்கினாள்.

மெழுகுவத்திதான் குட்டை உடைத்தது. இரண்டு பேர் மெழுகுவத்தியின் இருபுறமும் உட்கார்ந்து பேசும் பக்கத்தில், பேசப் பேச மெழுகுவத்தி வளர்ந்துகொண்டே போனது. உலகத்தில் எந்த மெழுகுவத்தி எரிய எரிய வளரும்? அக்கா பக்கத்தை வலப்பக்கத்திலிருந்து பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக உருகியது. அந்த ஊர்க்காரர்கள் வலமிருந்து இடமாகப் படிக்கிறவர்கள்!

உடனே பூனையை எடுத்து வலப்பக்கத்திலிருந்து பார்த்தாள். மடி, கூரை, அந்தரம், பனி. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

அதன்பின் அவள் கண்ணுக்குப் பாதை மாறிவிட்டது. அடுத்த கீல் பெட்டி எப்போது வரும் என்று ஸ்டோர் கீப்பரை அரித்தெடுத்து, ("கீல் மேல என்னக்கா இவ்வளவு பாசம்? நல்ல நாள் பார்த்துக் கட்டி வெச்சிடவா?" என்றார் அவர்) கிடைத்ததையெல்லாம் வலமிருந்து படித்தாள். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தாள். ஞாயிற்றுக்கிழமையை இடப்பக்கத்தில் வைத்திருந்த காலண்டரையும் வலப்பக்கத்திலிருந்து எண்ணி, விடுமுறையன்று குளித்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். கணவர்தான் வாசலில் மறித்தார்.

புது அலமாரித் தாளை அவள் இந்தப் போதையில்தான் வரைந்தாள். ஒன்றுமில்லாதவர் எங்காவது கட்டத்துக்கு எண் போட்டிருந்தாரா? எண்ணை எடுத்தாள். அம்புக்குறி போட்டிருந்தாரா? நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அதையும் எடுத்தாள். பதிலுக்கு, கிட்டத்தட்ட மச்சானின் சாயலில் வழுக்கையோடு ஒரு குட்டி மனிதனைப் போட்டாள். பலகைகளுக்கு நடுவே அவன் மலைத்து நிற்க, நெற்றியோரம் ஒரு சொட்டு. மூக்கும் முழியுமாக ஒரு ஸ்க்ரூ. கதவு கீலில் உட்காரும்போது பின்னால் மின்னல் மின்னலாகக் கோடுகள். முடிவில் அலமாரியைக் கட்டிப்பிடித்து அவன் கண்ணீர் விடுகிறான். சுற்றிலும் பெரிய வெள்ளை. வரைந்து முடித்தபோது அவளே மூக்கை உறிஞ்சினாள்.

பரீட்சை முதலாளியின் அறையில் நடந்தது. அங்கே புது அலமாரியின் மாதிரி ஒன்று ஏற்கெனவே மாட்டி நின்றது. கம்பெனிக்குக் கிடைத்த கேடயங்களை முதலாளி அதில் அடுக்கியிருந்தார். தரையில் பிரிக்காத பெட்டி. வரைந்தவள் உள்ளே இருக்கக்கூடாது என்பது விதி. மச்சான் கதவைச் சாத்திக்கொள்ள, முதலாளி, அக்கா, ஸ்டோர் கீப்பர் மூவரும் வெளியே நின்றார்கள்.

வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் "மாமா, இதுல ஒரு சின்ன சந்தேகம்" என்று குரல் வரும். அன்று வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் சுழலும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் மச்சான் மூக்கைச் சிந்தும் சத்தம்.

"என்னம்மா வரைஞ்சு வெச்சீங்க? அழறானா?"

"உணர்ச்சி சார்" என்றாள் அக்கா.

கதவு திறந்தது. மச்சான் சட்டை நனைய, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். "முடிச்சிட்டேன் மாமா. ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சலை. எல்லாம் கணக்கா இருக்கு!"

முதலாளி உள்ளே பார்த்தார். கேடயங்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெட்டியிலிருந்து தாளும் கருவியும் தவிர எதுவும் எடுக்கப்படவில்லை. மாதிரி அலமாரி நின்ற இடத்தில் பலகைகள் அளவுவாரியாக அடுக்கி, ஸ்க்ரூக்கள் பொட்டலம் கட்டி, மேலே அழகாக டேப் ஒட்டியிருந்தது.

"எங்கடா என் அலமாரி?"

"கழட்டிட்டேனே."

"எதுக்குடா கழட்டின?"

"படத்துல அப்படித்தான் இருக்கு. மொதல்ல கட்டிப்பிடிச்சு அழுது விடை குடுக்கறான். நானும் குடுத்தேன். அப்புறம் கதவைக் கழட்டறான். ஸ்க்ரூவுக்கு முகத்தைப் பாருங்க, பிரிய மனசே இல்லை. கடைசியில பாவம், பலகைகளுக்கு நடுவுல தனியா நிக்கறான்." மச்சானின் குரல் கம்மியது. "என்ன கதைக்கா!"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மலைத்து நிற்பதை வலக்கோடியில் போட்டுக் கண்ணீரை இடக்கோடியில் முடித்திருந்தாள். கடல்தாண்டியவர்கள் படிக்கிற மாதிரி. அம்பும் இல்லை, எண்ணும் இல்லை. மச்சான் நம் ஊர் மனிதர், இடப்பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டார்.

"நாளையிலேர்ந்து பேக்கிங்" என்றார் முதலாளி, பேயறைந்த முகத்தோடு.

"படம் தப்புன்னா நான் எப்படி மாமா ஒரு இடத்துலகூட முழிக்காம செஞ்சேன்?" என்றார் மச்சான். செருப்பு ஸ்டாண்டைத் தொட்டிலாக்கியவர் சொல்கிறார்.

"மச்சான் சார்," என்றாள் அக்கா, "அதே தாளை இந்தப் பக்கத்திலேர்ந்து பாருங்க." விரலால் வலக்கோடியைத் தொட்டுக் காட்டினாள். விதிப்படி அதுவே குற்றம்தான். முதலாளி கவனிக்கும் நிலையில் இல்லை.

மச்சான் பார்த்தார். கண் விரிந்தது. "ஐயோ, சேர்ந்துடறாங்களா!" என்று பொட்டலத்தைப் பிரித்தார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, அலமாரி தன் கேடயங்களோடு எழுந்து நின்றது. ஆடவில்லை. கதவு மூடியது. யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளவில்லை. மச்சான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இம்முறை சந்தோஷமாக மூக்கைச் சிந்தினார்.

ஸ்டோர் கீப்பர் தொண்டையைச் செருமினார். "சார், வீடு மாத்தறவங்க கழட்டறது எப்படின்னு கேட்டுப் போன் பண்ணிட்டேதான் இருக்காங்க. ஒரே தாள்ல ரெண்டும் இருக்கே."

முதலாளியின் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. "ஒரே அச்சு... ரெண்டு வேலை..." என்று முணுமுணுத்தார். அப்புறம் அக்காவைப் பார்த்து, "எங்க ஆரம்பிக்கறதுன்னாவது காட்டித் தொலைங்கம்மா!" என்றார்.

சாய்வு மேசை பிழைத்தது. அக்கா அன்று மாலையே இரண்டு அம்புக்குறிகள் போட்டாள். வலக்கோடியில் ஒன்று, பக்கத்தில் ஒரு வீடு. இடக்கோடியில் ஒன்று, பக்கத்தில் ஒரு லாரி. இவ்வளவு ஆசையாக அவள் அம்பு வரைந்ததே இல்லை.

மை காய்வதற்குள் மச்சான் வந்து நின்றார். அந்த ஸ்க்ரூவுக்கு அப்புறம் என்ன ஆகிறது, முக்காலிக் கதையிலும் அது வருமா என்று தெரிந்துகொள்ளவேண்டுமாம். பேசிக்கொண்டே மேசைக்குமேல் ஒட்டியிருந்த பூனைப் பக்கத்தைப் பார்த்தார். இடமிருந்து வலமாக, விரல் வைத்து, கட்டம் கட்டமாக.

"அக்கா! செத்துக் கிடந்த பூனை பொழச்சு, தாத்தா மடியில ஏறிடுச்சா?"

அக்கா வரைந்துகொண்டிருந்த பேனாவைத் தூக்கினாள். அந்தப் பக்கத்தின் வலக்கோடியில் ஒரு சின்ன அம்பு போட்டால் போதும், மச்சானுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

"ஆமா மச்சான் சார்," என்று பேனாவை மூடினாள். "ஏறிடுச்சு."

"நான் நெனச்சேன்!" என்று அதைச் சொல்ல ஸ்டோர் கீப்பரைத் தேடி ஓடினார் மச்சான். அவர் சட்டையின் மார்பில் அலமாரியின் புது வார்னிஷ் கதவுக் கைப்பிடி வரை அச்சாகப் பதிந்திருந்தது.