மிஸ்ஸி ரோஸ்லினும் ஏழாம் கட்டில் சாப்பாட்டுத் தட்டும்

கோத்தா திங்கியில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து போய் மூன்று நாள் ஆகியிருந்தது. சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொட்டி, இடுப்பு கழன்று வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஃபாத்திமாவின் போன் வந்தது. ஆண்கள் வார்டில் என்னோடு வேலை செய்தவர். எங்கள் வார்டு நர்ஸ் ரோஸ்லின் போய்விட்டார் என்று மலாயில் சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு. எழுந்து மிச்சச் சேற்றை அள்ளப் போனேன். பாதி வாளியில் கை நின்றுவிட்டது.

நம் வார்டில் வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் முப்பது வருடம் வார்டு அட்டெண்டனாக இருந்தேன். நான் தள்ளிய கட்டில்களை வரிசையாக நிறுத்தினால் ஜொகூர் பாருவில் ஆரம்பித்து, பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் பாதியை அடைத்துவிடும். பெரிய டாக்டர்களே என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆப்பரேஷனுக்குப் போவார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

நர்ஸ் படிப்பை முடித்த கையோடு ரோஸ்லின் என்ற அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தது. ரெங்கம் பக்கத்து எஸ்டேட், மாதா கோயில் குடும்பம். புது வெள்ளைச் சப்பாத்து இரண்டு குதிகாலையும் கடித்து, முதல் வாரமே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நடந்தது. முப்பது கட்டிலுக்கு இரண்டு மிஸ்ஸிகள்; நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். யாருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்ளும். வேலை முடியும்போது கை முழங்கைவரை நீலமாக இருக்கும். நான் சொல்வதில் முழங்கை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ஒரு நாள் துணி அலமாரிக் கதவில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி நின்றார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்து, நானும் மரியாதையாகத் தள்ளி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "ஜெபம் இல்ல அங்கிள், தூக்கம்" என்றார்.

இவ்வளவு பாடுபடுகிறாயே, என்றைக்காவது வேலை தீர்கிறதா என்று கேட்டேன். "தீராது அங்கிள். தீந்துச்சுன்னா எதையோ விட்டுட்டோம்னு அர்த்தம்" என்றார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் வாயில் அறுபது வயது அலுப்பு.

இனி ஏழாம் கட்டிலுக்கு வருகிறேன். அங்கே சின்னையா என்ற பெரியவர் படுத்திருந்தார். லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் கால் புண்ணாகி, விரலை எடுத்திருந்தார்கள். பாதத்தையும் எடுக்க வேண்டி வரலாம் என்று பேச்சு. ஆள் சரியாகச் சாப்பிடாததால், பகல் சாப்பாடு சாப்பிட்ட பிறகுதான் இன்சுலின் ஊசி என்று டாக்டர் எழுதி வைத்திருந்தார்.

தைப்பூசம் நெருங்கிய சமயம். பாதம் பிழைத்தால் காவடி எடுப்பதாகப் பெரியவர் வேண்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் ஒரு வேளை விரதத்தை ஆரம்பித்துவிட்டார். பகலில் சோற்றைத் தொடுவதில்லை. விரதம் என்றால் டாக்டர் திட்டுவார். மிஸ்ஸி கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறது, அதற்கு இது புரியாது என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். என் நெற்றியில் விபூதி இருந்தது. என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, தட்டை மட்டும் காலி பண்ணி வைத்துவிடு தம்பி என்றார்.

பண்ணினேன். காலையில் பசியாறாமல் வந்திருந்தேன். மீனையும் தர்பூசணியையும் பின்னறையில் வைத்துச் சாப்பிட்டேன். சோற்றைக் கொட்டினேன். காலித் தட்டை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஒரு பக்திமானுக்கு உதவினோம் என்ற பெருமை வேறு எனக்கு.

மிஸ்ஸி ஊசியோடு வந்தார். தட்டைப் பார்த்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். பெரியவர் தலையாட்டினார். ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அரை மணி நேரத்தில் பெரியவர் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, கண் செருகிவிட்டது.

அதை முதலில் பார்த்தது ரோஸ்லின்தான். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, நரம்பில் சர்க்கரை மருந்து ஏற்றியதும் அவர்தான். எல்லாம் முடிந்து பெரியவர் கண் திறந்தபோது, நான் வார்டு வாசலில் மீன் வாடை அடிக்கிற கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

கண் திறந்தவர் முதல் வேலையாக ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விரதம், தட்டு, நான்.

அந்தப் பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் வரவேண்டிய நேரம் அது. இப்படி ஒரு ரிப்போர்ட் போனால் அந்தக் கடிதம் வராமலே போகலாம். வீட்டில் தலைப்பிள்ளை. அதன் சம்பளத்தை நம்பி எஸ்டேட்டில் ஒரு குடும்பம் இருந்தது. எனக்கும் வேலை போகலாம் என்ற பயம். பெட்பான் கழுவும் அறையில் ரோஸ்லினைப் பிடித்து, இப்ப என்னம்மா செய்யறது என்றேன்.

"தட்டக் காலி பண்ணது நீங்க. ஊசி போட்டது நான்" என்றார். "நான் தட்டப் பாத்தேன் அங்கிள், ஆளப் பாக்கல. அதத்தான் எழுதப் போறேன்."

என் பெயரையும் எழுதுவாயா என்று கேட்டேன். இதைக் கேட்டேன் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது.

குழாயை மூடிவிட்டுச் சொன்னார். "நீங்களே போயி வார்டு சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா பழி போடுற மாதிரி இருக்கும்." வெளியே போகும்போது திரும்பி, "எங்க வீட்லயும் தவக்காலம் இருக்கு அங்கிள். அம்மா நாப்பது நாள் ஒரு வேளதான் சாப்பிடுவாங்க. எங்கிட்ட சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்" என்றார்.

நான் போகவில்லை. அன்றைக்குப் போகலாம் என்றிருந்தேன், பிறகு நாளைக்கு என்று வைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். பெரியவரும் ரோஸ்லினைத் தவிர வேறு யாரிடமும் என் பெயரைச் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். ரோஸ்லினை மேலே கூப்பிட்டு விசாரித்தார்கள். நிரந்தரக் கடிதத்தை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் வீங்கிய காலோடு அதே வார்டில் நடந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் பக்கத்திலும் நின்று, நாலு வாய் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அதனால் அவருடைய சாப்பாடு தினமும் ஆறிப்போகும். என்னிடம் முகம் திருப்பியதே இல்லை.

நான் என்ன செய்தேன்? என் குணம் உங்களுக்குத் தெரியும். வருடங்கள் போகப் போக கேண்டீனில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். நான்தான் முதலில் பார்த்தேன், ஆறு கட்டிலைத் தாண்டிக் குதித்து ஓடினேன், சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றினேன் என்று. மயங்கின ஆள் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றுகூட யோசிக்காத கதை. ரோஸ்லின் பதவி உயர்ந்து வார்டு சிஸ்டர் ஆன பிறகும் எத்தனையோ தடவை பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார். ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. ஒரே ஒரு நாள், நான் எட்டுக் கட்டில் என்று சொன்னபோது, "இன்னிக்கு ரெண்டு கட்டில் கூடிடுச்சு அங்கிள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அடக்கத்துக்கு ரெங்கம் போனேன். அவருடைய தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடம் சொன்னார்: "இவருதான் மணியம் அங்கிள். அக்கா வேலைக்குப் போன புதுசுல, சர்க்கரத் தண்ணி குடுத்து அக்கா பேஷண்ட்டக் காப்பாத்துனவரு."

ரோஸ்லின் தன் வீட்டிலும் என் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டினேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அன்றைக்கும் தலையாட்டினேன். அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது. அந்தத் தம்பி இதைப் படிக்க வேண்டும். தம்பி, உங்கள் அக்காவின் பேரில் ஆறு மாதம் இருந்த கறை என்னுடையது. காப்பாற்றியது அவர். இதில் நான் ஒரு கட்டிலைக்கூடக் கூட்டவில்லை.

என் மனைவிக்கும் இப்போது சர்க்கரை. வீட்டில் ஊசி போடுவது நான்தான். பகலில் தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். ரோஸ்லினிடமிருந்து எனக்கு மிஞ்சியது இப்படி உட்காருவது ஒன்றுதான். வீடு இன்னும் சேற்று வாடை அடிக்கிறது, எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, அவள் மெதுவாகப் பிசைந்துகொண்டே இருக்கிறாள்.

"இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படிங்க முழுங்குறது?" என்கிறாள்.

சாப்பிடு, அவசரமில்லை என்கிறேன்.